திரையில் படுத்திருந்த அண்ணன்

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தவள், முகம்கூடக் கழுவாமல் கணினி முன் உட்கார்ந்தாள். நாற்காலியோ கட்டிலோ லாரி இருக்கையோ, எதையும் செய்வதற்கு முன்னால் அதில் ஒரு கணினிப் பொம்மையைப் பொருத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. கணினியைக் கணக்குப் போடச் சொன்னால், பொம்மையின் உடம்பில் அழுத்தம் விழும் இடம் சிவக்கும். சுகமாக இருக்கும் இடம் பச்சை.

ஒவ்வொரு வேலைக்கும் புதுப் பொம்மை செய்யச் சோம்பல்பட்டு, லாரி ஓட்டும் அண்ணனைப் பிடித்து நிறுத்தி, தலை முதல் கால் வரை அளந்து வைத்திருந்தாள். "தையல்காரன்கூட இவ்வளவு அளக்க மாட்டான்டி" என்று தொப்பையை எக்கிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும் அதில் அண்ணன்தான். இப்போது வந்திருப்பது ஆஸ்பத்திரிக் கட்டில். வழக்கம்போல அவனையே அதில் படுக்க வைத்தாள். அதே வாரம் நிஜ அண்ணனும் மூளையில் ரத்தம் கசிந்து, நினைவில்லாமல் படுத்துவிட்டான்.

திரையில் பொம்மையின் இடுப்பு சிவந்திருந்தது.

அவள் இன்னும் கணக்கே போடவில்லை.

மனசு கேட்காமல் அண்ணிக்குப் போன் செய்தாள். "அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. இடுப்புக்கு அடியில."

நர்ஸ் வந்து புரட்டினார். ஊசியின் மூடி ஒன்று சதையில் பதிந்து கிடந்தது. அண்ணி அதைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இடுப்பு பச்சையாகிவிட்டது.

மாலையில் டாக்டரிடம் மன்றாடினாள். "அவருக்கு வலி தெரியுதுங்க."

"உணர்வே இல்லம்மா. நீங்க கொஞ்சம் தூங்குங்க."

சில நாட்களில் அண்ணன் போய்விட்டான் என்று சொன்னார்கள். தூறலில் நனைந்தபடியே சவப்பெட்டியை மண்ணுக்குள் இறக்கினார்கள்.

மறுநாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் வேலைக்கு வந்தாள். அந்தப் பொம்மையை அழித்துவிடலாம் என்றுதான் திறந்தாள். கட்டிலைக் காணவில்லை. வெறும் கறுப்பில் பொம்மை மல்லாந்து கிடந்தது. இரண்டு கைகளும் மடங்கியபடி மேலே எழுந்து, உள்ளங்கைகளால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தன.

மேலே ஒன்றுமே இல்லை.

மணிக்கட்டுகள் சிவந்திருந்தன.

பிறகு நெற்றியும் சிவந்தது.

"அண்ணி..." என்று போனில் அண்ணியைக் கூப்பிட்டாள். "அண்ணன் உள்ள இருந்து தள்றாரு. திறந்து பாக்கணும்."

"எனக்கு மட்டும் மனசு ஆறிடுச்சா? தயவுசெஞ்சு இப்படிப் பேசாத" என்று அண்ணி போனை வைத்துவிட்டாள். டாக்டர் போனை எடுக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள்; காவலாளியோ, மேலிடத்து அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடமுடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. முதலில் விரல்கள். அப்புறம் மணிக்கட்டு, தோள். கைகள் தளர்ந்து மார்பின் மேல் விழுந்தன.

உடம்பு முழுக்கப் பச்சை.

மேஜையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அண்ணன் கூப்பிட்டும் போக முடியவில்லையே என்று நெஞ்சு வெடித்தது. பக்கத்து மேஜைத் தாடிக்காரர், "நீ வீட்டுக்குப் போம்மா, இதை நான் பாத்துக்கறேன்" என்று அவள் கண்ணெதிரிலேயே பொம்மையை அழித்தார்.

அடுத்த நாள் காலை ஒரு புது வேலை. பள்ளிக்கூட நாற்காலி. கணினியிடம் ஆறு வயதுக் குழந்தையின் பொம்மையைக் கேட்டாள். திரை சற்று நேரம் கறுத்துக் கிடந்தது.

அண்ணன் வந்து நின்றான்.

திரையை ஒட்டி, நேருக்கு நேர் அவளைப் பார்த்து. இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. மணிக்கட்டுகள் சிவக்க ஆரம்பித்தன.

அவள் தன் கையை அவன் கையின் மேல் வைத்தாள். கண்ணாடி அவள் கையைத் தள்ளியது.

"எப்படித் திறக்கறதுன்னு எனக்குத் தெரியலையே அண்ணா" என்றாள்.