கீறல் இல்லாத கடிகாரம்

பாப்பிரெட்டிப்பட்டி கஸ்பார் தன் வீட்டுக் கூடத்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

அவருடைய வெள்ளிப் பாக்கெட் கடிகாரத்தைக் காணோம்!

மறுநாள் காலை. கடத்தூரில் இனிகோவின் கடைக்குள் இன்ஸ்பெக்டர் நிர்மலா நுழைந்தாள்.

இனிகோ ஆன்லைனில் பழம்பொருள் விற்பவன். துருப்பிடித்த தகரத்தைச் செல்போனிலேயே தேய்த்து வெள்ளியாக்கும் மகா யோக்கியன்!

"இன்னிக்கு நீ போட்ட விளம்பரம்தானே? கஸ்பார் கடிகாரம் மாதிரியே இருக்குது. அவரு கடிகார மூடியில இருந்த கீறல் மட்டும் இதுல இல்ல."

"பின்ன எப்படிங்க மேடம் அதுவாகும்?"

"படத்துல கீறல நீ அழிச்சிருந்தா?"

இனிகோ மனக்கணக்குப் போட்டான். மோசடிக்குக் கொஞ்ச நாள் ஜெயில். கொலைக்கு...?

சட்டென்று காலில் விழுந்தான்.

"உண்மையச் சொல்லிடறேங்க! கடிகாரமே எங்கிட்ட இல்லீங்க. லண்டன்காரன் ஒருத்தன் எடுத்த படம். போன வருஷம் நெட்டுல சுட்டது. வாங்கறவனுக்கு வேற டப்பா கடிகாரத்த அனுப்பிடுவேன். நான் ஃப்ராடுதாங்க... கொலைகாரன் இல்லீங்க!"

"கஸ்பார் வூட்டுக்குப் போனதே இல்ல?"

"வாசப்படி மிதிச்சதில்லீங்க. மாதா சத்தியமா!"

நிர்மலா தன் செல்போனில் விளம்பரப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"பளபளப்ப ரொம்ப ஏத்திட்டே இனிகோ. மூடியில எதிர்ச் சுவரே தெரியுது. அது என்ன?"

பச்சை ஓலைச் சிலுவை... சிவப்பு நூல் சுற்றியது!

"முந்தாநேத்து குருத்து ஞாயிறு. சர்ச்சுல வாங்கின ஓலைய கஸ்பார் மடிச்சு, செவப்பு நூல் சுத்தி, கூடத்துல மாட்டினாரு. இப்பவும் அங்கதான் தொங்குது. லண்டன்காரன் அதப் போன வருஷமே எடுத்துட்டானா?"

இனிகோ எழுந்து படத்தை உற்றுப் பார்த்தான்.

கீறலை அழித்தால் கடிகாரத்தின் ஜாதகமே மாறிவிடும் என்று நம்பிய அறிவாளி! ஓலைச் சிலுவையோ அவன் வீட்டுச் சுவரிலும் உண்டு. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியது. கண்ணில் படவேயில்லை.

"வித்துத் தரச் சொல்லித்தாங்க கூப்பிட்டாரு... கீறல அழிச்சதப் பாத்துட்டாரு. 'ஏமாத்துக்காரன்னு எல்லாருக்கும் சொல்லிடுவேன்'னு கத்துனாரு. கோவத்துல..."

மேஜை இழுப்பறையிலிருந்து கடிகாரம் வெளியே வந்தது. கீறலோடு!

ஸ்டேஷனில் ஏட்டு வெங்கடாசலம் கேமராவைத் தூக்கினார்.

"சார்... மொகம் கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி..." இனிகோ இழுத்தான்.

நிர்மலா சிரித்தாள்.

"உள்ளது உள்ளபடி எடுங்க ஏட்டய்யா. இல்லேன்னா இந்தச் சரக்க வாங்கற ஜெயிலு, ரிட்டர்ன் அனுப்பிடப் போவுது!"