ஒரு நாளைக்கு இரண்டு

"வக்கீல், நான் வளர்ந்துட்டேனான்னு பாரு!"

கதவோடு முதுகை ஒட்டி, கழுத்தை நீட்டி நின்றான் எறும்பு. எதற்கெடுத்தாலும் 'ஏன், எதுக்கு' என்று குடைவதால் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வக்கீல். இனிப்பு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவதால் தம்பி எறும்பு. அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்கு நாலு.

வக்கீல் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலைலதான பார்த்தோம்? அதுக்குள்ள எப்படிடா வளருவ?"

"காலைல ரெண்டுதான சாப்பிட்டேன்? இப்ப நிறையச் சாப்பிட்டேனே!"

பேனா அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைச் சுற்றிப் பழுப்பு மீசை.

மாடி வீட்டு அக்கா புதிதாகச் சத்துமாவு டப்பாக்களும் சத்து சாக்லேட்டுகளும் விற்க ஆரம்பித்திருந்தார். "ஒரு வாரம் கொடுத்துப் பாருங்க. பிடிச்சா மாசாமாசம் வாங்கிக்கலாம்" என்று ஒரு பெட்டி சாக்லேட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். வகுப்பிலேயே எறும்புதான் குள்ளம். வாங்கலாமா வேண்டாமா என்று அம்மா மண்டையைக் குழப்பிக்கொண்டார். "வேண்டாத வேலை" என்றார் அப்பா. வாங்கச் சொல்லி வாதாடியது வக்கீல்தான். போதாததற்கு, "இதைத் தின்னா ஒட்டகச்சிவிங்கி மாதிரி வளருவடா" என்று தம்பிக்கு ஆசை காட்டியதும் அவளேதான்.

கட்டிலுக்கடியில் தங்க நிறத் தாள்கள் கிடந்தன. எண்ணினாள். எட்டு.

பெட்டியைத் திருப்பினாள். முன்பக்கம் எழுத்தெல்லாம் யானை அளவு. பின்பக்கமோ கடுகு அளவு. கண்ணை இடுக்கிப் படித்தாள்.

'இரும்புச்சத்து சேர்க்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தவறுதலாக அதிகம் உட்கொண்டால் உடனே மருத்துவரை அணுகவும்.'

பெட்டியை ஜன்னல் விளிம்பில், எறும்பின் மூக்குக்கு நேராக வைத்தது யார்? அதுவும் அவள்தான்.

தாள்களைக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. எறும்பும் நன்றாகத்தான் இருக்கிறான், நாக்கால் மீசையை நக்கிக்கொண்டு.

'நல்லாத்தான் இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் வயித்துக்குள்ள போய்ப் பார்த்தியா?' என்று அவளுக்குள் இருந்த வக்கீல் கேட்டது.

அவ்வளவுதான். பக்கத்து அறைக்கு ஓடினாள். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு வந்த அப்பா போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! எழுந்திருங்கப்பா! எறும்பு அந்தச் சாக்லேட்டை நிறையத் தின்னுட்டான்!"

அப்பா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "ஐயோ! உப்புத்தண்ணி கொண்டா, குடிக்க வச்சு வாந்தி எடுக்க வச்சிடலாம்!"

"வேணாம்பா! டாக்டர்கிட்ட போகச் சொல்லித்தான் போட்டிருக்கு. வாங்க, போவோம்."

அப்பா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எறும்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெட்டியையும் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு வக்கீல் பின்னால் ஓடினாள்.

தெருக்கோடியில்தான் டாக்டரம்மா இருந்தார். "எத்தனை சாப்பிட்டான்?" என்றார்.

அப்பா வக்கீலைப் பார்த்தார்.

"ஏழரை, டாக்டர்" என்றாள் வக்கீல்.

"அதென்ன ஏழரை?"

"எட்டுத் தாள் இருந்துச்சு, காலைல தின்ன ரெண்டையும் சேர்த்து. பாதி சாக்லேட் இவன் சட்டைப்பையில ஒட்டியிருக்கு."

"எனக்கு இன்னைக்கு ஏழரைதான்" என்று அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிப் படித்தார். எறும்பை எடை பார்த்தார். ஒரு தாளில் ஏதோ பெருக்கி, வகுத்து, மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தார்.

"இந்த அளவுக்குப் பயமில்லை" என்றார் கடைசியில். "ஆனாலும் கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். பெட்டியைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. இல்லேன்னா நான் இருட்டுல துழாவிக்கிட்டு இருந்திருப்பேன்."

அந்தக் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. எறும்பு விக்கினால் அவளுக்குத் திக்கென்றது. கொட்டாவி விட்டால் பகீரென்றது. அப்பா போன் செய்ததும், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அம்மா பதறியடித்து வந்து சேர்ந்தார்.

"அம்மா, என்னாலதான். வளருவன்னு நான்தான் சொன்னேன். பெட்டியை அங்க வச்சதும் நான்தான்."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "நானும்தான் பின்பக்கத்தைப் படிக்கலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறேன்!"

இரண்டு மணி நேரம் கழித்து எறும்பு, "பசிக்குது" என்றான். அந்த ஒரு சொல்லில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

"டாக்டர், இவன் வளர்றதுக்கு இதெல்லாம் வாங்கணுமா?" என்று கேட்டார் அம்மா.

"வீட்டுல என்ன சாப்பிடுறான்?"

"முட்டை, பயறு, கீரை, பால். அப்புறம் என் தட்டுல இருக்கிறதும்" என்றாள் வக்கீல்.

டாக்டரம்மா தன் தோள் உயரமே இருந்த அப்பாவைப் பார்த்தார். "அப்பா உயரத்துக்கு வந்தா போதாதா? சத்துக் குறைவுன்னு சந்தேகம் வந்தா ரத்தம் பார்த்துட்டு நானே மருந்து தரேன். சாக்லேட் தின்ன ஆசையா, சாதாரண சாக்லேட்டே வாங்கிக்குங்க."

அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

விஷயம் கேள்விப்பட்டு, வீட்டு வாசலில் மாடி வீட்டு அக்கா காத்திருந்தார், முகம் வெளுத்துப்போய். "குழந்தைக்கு ஒண்ணுமில்லையே? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

அம்மா வாய் திறக்குமுன் வக்கீல் கேட்டாள். "அக்கா, இன்னும் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கீங்க?"

"மூணு வீடு."

"அங்கெல்லாம் சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. அடுத்த நொடி இருவரும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வாங்க மாட்டீங்கதானே?" என்றார் அக்கா மூச்சிரைக்க.

"மாட்டோம்க்கா. ஆனா வாங்குறவங்ககிட்ட பின்பக்கத்தையும் படிச்சுக் காட்டுங்க."

முதல் வீட்டில் பெட்டி அலமாரி உச்சியில் இருந்தது. இரண்டாவது வீட்டில் சின்னக் குழந்தையே இல்லை. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒன்றரை வயதுக் குழந்தை பெட்டியைக் கிலுகிலுப்பை போல ஆட்டிக்கொண்டு, மூடியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. மூடி இன்னும் திறக்கவில்லை.

அக்கா பாய்ந்து பெட்டியைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை வீடே அதிரும்படி வீறிட்டு அழுதது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் வக்கீல். காது கிழிந்தது. ஆனாலும், அத்தனை இனிமையான அழுகையை அவள் அதுவரை கேட்டதே இல்லை.