உள்ளே இருப்பவர்களுக்குத் தடையில்லை

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆளில்லாத அலுவலகத்தில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவை அல்ல, இணையத்துக்கு வாசல் காக்கும் ரௌட்டரை. மூன்று விநாடிக்கு ஒரு முறை திரையில் ஒரு வரி ஏறியது: வெளியிலிருந்து வந்தது, தடுக்கப்பட்டது. வஜீஹாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திருட்டுப்பயல்களே, தட்டுங்கள்!

காலையிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புது ரௌட்டர் என்று சொன்னாலே முதலாளி சுந்தரராமனுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஃப்ளாப்பி, அதில் அவளே விதிகள் எழுதிச் சேர்த்த இலவச லினக்ஸ்: இதுதான் ரௌட்டர். ஃப்ளாப்பி பதினோரு தடவை கரகரத்துவிட்டுப் படிக்க மறுத்தது. மேஜையை ஓங்கிக் குத்திய பிறகுதான் படித்தது. விதிகள் இரண்டே. டெலிபோன் லைன் வழியாக வெளியிலிருந்து வருபவர்களைத் தடு. உள்ளே, அலுவலகக் கம்ப்யூட்டர்களின் ஒயர்கள் வந்து சேரும் ஹப்பில் இருப்பவர்கள் நம்மவர்கள், அவர்களுக்குத் தடையில்லை. ஆறு மணிக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் காவலைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால், டாக்டர்களின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்யும் காண்ட்ராக்ட் போகும். கூடவே அவள் வேலையும்.

ஐந்தே முக்காலுக்கு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே லைனில் முதலாளிக்கு போன் போட்டாள்.

"சார், ரெடியாயிடுச்சு."

"எனக்கு ஒண்ணும் புரியலேம்மா. ஆறு மணிக்குக் கழுத்தறுக்காம இருந்தா சரி."

திரையில் ஒரு வரி ஏறியது. மூன்று விநாடி கழித்து இன்னொன்று.

அலுவலகத்துக்கு இருந்த ஒரே லைன் அவள் காதில் இருந்தது. பின்னே யார்? அவள் உள்ளே போய்ப் பார்க்காத அறை ஒன்றே ஒன்றுதான்.

"சார்... ஸ்டோர் ரூம்ல மெஷின் ஏதாவது ஓடுதா?"

"அங்க ஏதும்மா மெஷின்? பூட்டியே ரெண்டு வருஷமாறது."

போனை வைத்துவிட்டு விதிகளைப் பார்த்தாள். சனியன்! உள்ளை வெளி என்றும் வெளியை உள் என்றும் மாற்றி எழுதியிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பத்தே நிமிஷம் இருந்தது. யோசிக்க ஏது நேரம்? அவசரமாகத் திருத்தினாள், சேமித்தாள், மெஷினை மறுபடி கிளப்பினாள். ஃப்ளாப்பி இந்த முறை கரகரக்கவே இல்லை, சமர்த்தாகப் படித்தது.

தட்டல் நின்றது.

அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் தடுத்தது உள்ளே இருந்த யாரையோ. இப்போது தடையில்லை.

மேஜைகளில் இருந்த நாலு கம்ப்யூட்டர்களுக்கும் காலையிலேயே பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

ஹப்பைப் பார்த்தாள். ரௌட்டருடையது போக இன்னொரு விளக்கு எரிந்தது. ஐந்தாவது.

அதிலிருந்து ஒரு நீல ஒயர். அவள் போட்டதல்ல. தரையோரமாகப் போய் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தது. ஈரத்தில் ஊறிய காகித வாசனை வந்தது. கீழே பாண்டி பஜார் இரைச்சல் கேட்கவில்லை.

பூட்டிய கதவு கையகலம் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு.

ஒயர் விறைத்தது. ஹப் மேஜை மேல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

மூன்று விநாடிக்கு ஒரு இழுப்பு.