நார் நிற்கும் திசை

ஒரே பலகை. கற்றாழை நாரையும் பிசினையும் அவளே சேர்த்து, அவளே அச்சில் அழுத்தியது. அதிலிருந்து அவள் அறுத்த துண்டைச் சுழலும் எஃகுத் தட்டின்மேல் நாள் முழுக்கத் தேய்த்தாலும் எடை குறைய மனசில்லாமல் இருந்தது. அதே பலகையில், நடக்க முடியாதவர்களுக்கான மூன்றுசக்கர வண்டி செய்யும் பட்டறை அறுத்த பிரேக் கட்டையோ ஒரே வாரத்தில் பாதியாகத் தேய்ந்து திரும்பி வந்திருந்தது.

ஏன்...?

மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்திலும் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த மகானுபாவன் அறுத்தானோ..."

"அந்த மகானுபாவன் நான்தாங்க."

திரும்பினாள். நனைந்த தலை. இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு... அதன் கீழே சிரிக்கிற கண்கள்.

"கட்டையில எங்க பட்டறை முத்திரை இருக்கு, பாருங்க. நீங்கதான் அந்த 'தேயவே தேயாது' மேடமா?"

"கம்மியா தேயும்னுதான் சொன்னேன்!"

"எங்கப்பா பிரேக் பிடிச்சாரு. வண்டி சரிவுல இறங்கி நேரா பக்கத்து வீட்டுச் சுவர்ல நின்னுச்சு."

"ஐயோ... அடி பட்டுச்சா?"

"அவர் கௌரவத்துக்கு மட்டும். அவரால நடக்க முடியாது. அவரே ஓட்டிப் பார்க்காம ஒரு வண்டியும் பட்டறையை விட்டுப் போகாது. நாளைக்குப் பழைய ரப்பர் கட்டைக்கே ஆர்டர் கொடுத்துடுவாரு."

அவள் கட்டையைப் பைக்குள் போட்டாள். இத்தனை வருட உழைப்பு...

"என்கூட வாங்க."

"இந்த மழையிலயா?"

"பயமா?"

"மழைக்கு இல்லீங்க..."

தன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கட்டைகளையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். அவனுடையதில் நார்கள் தேயும் முகத்தில் படுத்துக் கிடந்தன. சக்கரம் உரச உரச, அவை பிசினை விட்டு நீளநீளமாக உரிந்திருந்தன. போன இடமெல்லாம் பள்ளம். அவளுடையதில் நார்கள் நேராக நின்றன. தூரிகையின் மயிர்போல நுனி மட்டும் வெளியே. மீதியைப் பிசின் இறுகப் பிடித்திருந்தது. அங்கே உரிவதற்கு வழியே இல்லை. நுனி நுனியாகத்தான் தேய வேண்டும்.

இந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் அறுப்பார்கள். பழகிப்போனதால், பட்டறைக்கு அனுப்பிய பலகையில் அதை எழுதவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. முகம் சுண்டிப்போனது.

அவன் அதைக் கவனித்துவிட்டான். "பலகை வீணாகக் கூடாதுன்னு படுக்கை வாட்டுல அறுத்தேன். என் தப்புன்னே அப்பாகிட்ட சொல்லிடறேன், விடுங்க."

சே... இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?

"என் பொருளைக் காப்பாத்த நீங்க பழி சுமக்க வேணாம். நானே வந்து சொல்றேன்."

மறுநாள் புதிதாக அறுத்த கட்டைகளோடு அவன் அப்பாவின் முன் நின்றாள். தலை குனியவில்லை.

"எப்படி அறுக்கணும்னு எழுதாதது என் தப்பு, சார். ஆனா பொருள் நல்ல பொருள். இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பை இவ்வளவு கம்பீரமா ஒத்துக்கிறதை இப்பதான்மா பார்க்கிறேன். ஒரு மாசம் ஓட்டறேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைடா."

அந்த மாதம் முழுக்க மகன் தினமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். கட்டையின் நிலவரம் சொல்லத்தான்... என்று அவனும் சொன்னான், அவளும் நம்பினாள்.

மாதக் கடைசியில் அளந்தார்கள். தேய்மானம் நகக்கண் அளவுகூட இல்லை. அவளுக்குக் கண் நிறைந்தது.

"ஆர்டர் உங்களுக்குத்தான்மா," என்றார் பெரியவர். "ஒரு சந்தேகம். கட்டை நல்லா இருக்குன்னு சொல்ல தினம் ஒரு ஆள் எதுக்கு?"

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவன் காது சிவந்தது.

"அது... கட்டைக்காக வரல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"ஒரு மாசமா இதைச் சொல்லாம என்ன பண்ணீங்க? எனக்கும்தான் பிடிச்சிருக்கு... பண்ணிக்கலாம்." வெட்கத்தை மறைக்க, புதுப் பலகையை அவன் பக்கம் தள்ளினாள். "முதல்ல இதுல எழுதுங்க, நான் சொல்றேன்."

அவன் பேனாவை எடுத்தான். அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"நார் படுத்திருக்கக் கூடாது. நுனி சக்கரத்தைப் பார்த்து நிற்கும்படி அறுக்கவும்."