காணாமல் போன குகை

சனிக்கிழமை பகல் 12.10க்கு மேர்சி முன்கூடத்தை ஒட்டிய சிறிய அறைக்குள் போனார். 12.11க்கு வெறுங்கையுடன் வெளியே வந்தார்.

"இஞ்சேருங்கோ, கொப்பியைக் காணேல்லை."

சோபாவில் இருந்த செல்வராஜா கண்ணாடியைக் கழற்றினார். "வடிவாப் பாத்தனீரோ?"

"மேசையிலதான் வைச்சனான். சுத்தின துணி கிடக்கு. கொப்பி இல்லை."

டெக்சஸில், காப்பெல் நகரத்து வீடு அது. வெளியே ஜூன் மாத வெயில். உள்ளே மேர்சி தம்பதியைத் தவிர நான்கு பேர். ராமசுப்ரமணியன், அவர் மனைவி மீனாக்ஷி, அகிலன் ஆகிய மூவரும் மேர்சியுடன் பிரான்சின் தென்மேற்கே பத்து நாள் சுற்றிவிட்டுப் புதன்கிழமை திரும்பியவர்கள். நான்காவது ஆள் பக்கத்து வீட்டு வள்ளி. அவள் கதிரியக்க மருத்துவர். வீட்டிலிருந்தபடியே கணினியில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள். அந்தப் பத்து நாளும் செல்வராஜாவை டயாலிஸிஸுக்கு அழைத்துப் போனவள் அவள்தான்.

காணாமல் போனது ஒரு ஓவிய நோட்டு. அது வெறும் நோட்டல்ல. வெசேர் நதிக்கரையில் ஆதி மனிதர் சுவரில் ஓவியம் தீட்டிய குகைகளைப் பற்றி வருடக்கணக்காகப் படித்து, எந்தக் கோட்டைக்கு எந்த வழியாக ஏறுவது என்பது வரை பயணத் திட்டம் போட்டவர் செல்வராஜா. பிப்ரவரியில் சிறுநீரகம் கைவிட்டது. "நீர் போம். போய்ப் பாத்து, எனக்குக் கீறிக்கொண்டு வாரும்," என்று மனைவியை அனுப்பிவைத்தார். குகைக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. மேர்சியின் கரிக்கோல்தான் அவருக்குக் கண். வந்த பிறகும் மேர்சி நோட்டைக் காட்டவில்லை. கூடப் போனவர்களும் இருக்கும்போது அவரே திறக்கட்டும் என்று இன்றைக்கு நாள் குறித்திருந்தார்.

"எங்கயாச்சும் கை மறதியா வச்சிருப்பீங்க ஆன்ட்டி, தேடலாம்," என்றான் அகிலன்.

12.15. எல்லோரும் தேடினார்கள். மீனாக்ஷி குளிர்பதனப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். அகிலன் சோபாவுக்கு அடியில் படுத்துத் தும்மினான். ராமசுப்ரமணியன் முன்கூடத்தில் செருப்புகளுக்கு நடுவே தேடினார். அவர் பிக்கிள்பால் மைதானத்திலிருந்து நேரே வந்தவர். காரில் வைத்தால் சூட்டில் மட்டை வளைந்துவிடும் என்று விளையாட்டுப் பையை உள்ளேயே கொண்டுவந்திருந்தார். திரும்பும்போது கால் பையில் பட்டது. குனிந்து தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இங்க இல்ல," என்றார். மேர்சி மாடிக்குப் போய்த் திரும்பினார். வள்ளி மட்டும் தேடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"வள்ளி, நீயும் கொஞ்சம் பாரேன்," என்றார் மீனாக்ஷி.

"பாத்துட்டுதான் இருக்கேன் ஆன்ட்டி."

12.30. சின்ன அறை. மேசை மேல் பழுப்புத் துணி நான்காக மடிக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் பிசகாமல் சேர்ந்திருந்தன.

"நீங்க மடிச்சதா ஆன்ட்டி?"

"இல்லை. நான் சுத்தியெல்லோ வைச்சனான்."

வள்ளி கூடத்துக்குத் திரும்பினாள். "பதினொண்ணே முக்காலுக்கு நான் வரும்போது துணிக்குள்ள நோட்டு இருந்துது. அப்புறம் எல்லாரும் பின்பக்கம் கிரில் பக்கத்துல இருந்தோம். நடுவுல யார் யார் உள்ள வந்தீங்க?"

"என்ன, போலீஸ் என்கொயரியா?" என்று சிரித்தான் அகிலன். "நான் வந்தேன். எச்டிஎம்ஐ கேபிள் எடுக்க. என் போட்டோ ஸ்லைடு ஷோ இருக்கே!"

"விரல் ஏன் கறுப்பா இருக்கு?"

அகிலன் கையைப் பார்த்துக்கொண்டான். "ஐயோ, கிரில் கரி. சோளம் சுட்டது யாருன்னு நினைச்சீங்க? நான் பிளேனிலயே சொன்னேன், ஆன்ட்டியோட டிராயிங் முன்னாடி என் போட்டோ எல்லாம் வேஸ்ட்னு. அதுக்காகத் திருடுவேனா?"

"மீனாக்ஷி ஆன்ட்டி?"

"நான் அந்த ரூம்லதான் பொண்ணு மானஸாகிட்ட போன் பேசினேன். அஞ்சு நிமிஷம். அவ எல்லாத்துக்கும் 'ஓகே அம்மா, ஓகே அம்மா'ன்னா. டேபிள் பக்கம் நான் பாக்கவே இல்ல."

"அங்கிள்?"

"பாத்ரூம் போக வந்தேன்," என்றார் ராமசுப்ரமணியன். "அவ்வளவுதான்."

"எல்லாற்ற பையையும் ஒருக்காப் பாத்தால் என்ன?" என்றார் செல்வராஜா, பாதி வேடிக்கையாக.

மேர்சி வெடுக்கென்று திரும்பினார். "என்ர வீட்டில சாப்பிட வந்தவையின்ர பையை நான் திறக்கமாட்டன். கொப்பி போனால் போகட்டும்." குரல் கடைசியில் உடைந்தது. செல்வராஜா மனைவியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

வள்ளி சன்னல் பக்கம் போய் நின்றாள். அவள் மௌனம் நீளமானது. செல்வராஜாவுக்கு அது பழக்கம். டயாலிஸிஸ் நாட்களில் நான்கு மணி நேரம் ஒரு வார்த்தை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

12.46. வள்ளி திரும்பினாள். "குகைக்குள்ள எப்படி இருந்துது? யாராவது சொல்லுங்களேன்."

"இப்ப எதுக்கு அது?" என்றான் அகிலன்.

"சும்மா சொல்லு."

"மொதல்ல ஒண்ணுமே தெரியாது. வெறும் பாறை. கைட் அம்மா லைட்டை ஆஃப் பண்ணிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிப்பாங்க. அப்ப திடீர்னு ஒரு குதிரை சுவத்துலேர்ந்து வெளிய வரும். புல்லரிச்சுடுச்சு."

"ஆமா," என்றார் மீனாக்ஷி. "டார்ச் நகந்தா குதிரையும் போயிடும்."

"அங்கிள், நீங்க காலைல எனக்கு வாட்ஸ்ஆப்ல என்ன சொன்னீங்க?"

ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். "அதேதான். பைசன், காட்டெருமை."

"'நுழைஞ்ச உடனே சுவர் முழுக்க பளிச்சுனு சிவப்பா பைசன் கூட்டம், மிஸ் பண்ணிட்டியே வள்ளி.' அப்படித்தான் சொன்னீங்க. ஆனா இவங்க மொதல்ல ஒண்ணுமே தெரியாதுங்கறாங்க. நீங்க எல்லாரும் ஒண்ணாவா உள்ள போனீங்க?"

"இல்ல," என்றார் மீனாக்ஷி. "சின்னக் குகை, பன்னிரண்டு பேரா விடுவாங்க. நானும் அகிலனும் முதல்ல. இவரும் மேர்சியும் அடுத்த பேட்ச்."

மேர்சி நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

வள்ளி ராமசுப்ரமணியனுக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அங்கிள், உங்க விளையாட்டுப் பைல என்ன இருக்கு?"

"மட்டை. ஷூ. வேர்வை டவல்."

"தேடும்போது உங்க கால் அந்தப் பைல பட்டுது. நீங்க குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க."

ராமசுப்ரமணியன் முன்கூடத்தின் பக்கம் பார்த்தார்.

"நம்ம வீட்டுல கால் பட்டா எதைக் கண்ணுல ஒத்திக்குவோம்? புத்தகம், நோட்டு. வேர்வை ஷூவை யாரும் கும்பிட மாட்டாங்க. உங்க மனசு மறைச்சுது, கை மறைக்கல. அந்தத் துணியும் அப்படித்தான். அவசரத்துல திருடறவங்க துணியை உதறிப் போட்டிருப்பாங்க. நீங்க அதைக்கூட மரியாதையா மடிச்சு வச்சிருக்கீங்க."

"என்னங்க?" என்றார் மீனாக்ஷி.

ராமசுப்ரமணியன் எழுந்தார். முன்கூடத்துக்குப் போய்ப் பையைத் திறந்து, சுத்தமான ஒரு சட்டையில் சுற்றியிருந்த நோட்டை எடுத்துவந்து இரண்டு கையாலும் மேர்சியிடம் நீட்டினார்.

"ஒரு பக்கத்தை மட்டும் கிழிக்கத்தான் எடுத்தேன். பாத்ரூமுக்கு எடுத்துண்டு போனேன். கை வரல. புஸ்தகத்தை எப்படிக் கிழிக்கறது? திருப்பி வைக்கப் போனா, மீனாக்ஷி அங்க போன்ல பேசிண்டிருந்தா. பைல வச்சுட்டேன். சாயந்தரம் எப்படியாவது வச்சுடலாம்னு..."

"எந்தப் பக்கம்?" என்றான் அகிலன்.

ராமசுப்ரமணியன் நோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "குகை வாசல் இடுப்பளவு அகலம்தான். ரெண்டடி வச்சேன். மூச்சே வரல. கால் நடுங்கிடுத்து. மேர்சியை மட்டும் அனுப்பிட்டு வெளிய வால்நட் மரத்தடியில உக்காந்துட்டேன். அழுதுட்டேன்னுகூட வச்சுக்கோங்கோ. மேர்சி திரும்பி வந்து, தூரத்துலேர்ந்து என்னைப் பாத்து வரைஞ்சுண்டிருந்தாங்க. இங்க வந்து எல்லார்கிட்டயும் பைசனைப் பத்திப் பேசிட்டேன். அடுத்த வாரம் தமிழ்ச் சங்கத்துல வேற பேசச் சொல்லியிருக்கா."

"அதுக்கு இந்த மனுஷிய அழ வச்சீங்களா!" என்றார் மீனாக்ஷி. அவர் கோபத்தில் பாதிக்கு மேல் திகைப்பு.

ராமசுப்ரமணியன் மேர்சியைப் பார்த்தார். "தப்புதான். மன்னிச்சுடுங்கோ."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றார் மேர்சி. "சொல்லவும் மாட்டன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே?"

செல்வராஜா கையை நீட்டி நோட்டை வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார். நதிக்கு இரு கரையிலும் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு கோட்டைகள். தேன் நிறப் பாறையை ஒட்டிய ஒரு கிராமம். பிறகு அந்தப் பக்கம். பெரிய மரம், அதன் நிழலில், முதுகைக் காட்டியபடி ஒரு சிறிய மனிதர். முகம் தெரியவில்லை. தோள்கள் மட்டும் தெரிந்தன. கீழே எழுத்து எதுவும் இல்லை.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். மீனாக்ஷி தரையைப் பார்த்தார். அகிலன் தன் கறுத்த விரல்களைப் பார்த்தான். வள்ளிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராமசுப்ரமணியன் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு செல்வராஜாவின் வயிறு குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாலு நாளா நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? எல்லாரும் பாத்திட்டினம், நான் ஒருத்தன்தான் பாக்கேல்லை எண்டு. அப்ப நீங்களும் வெளியதானே இருந்தனீங்கள்!" நகர்ந்து உட்கார்ந்து, சோபாவில் பக்கத்து இடத்தைத் தட்டினார். "வாங்கோ, இதில இருங்கோ. எங்கட பேட்ச் இப்பதான் உள்ள போகுது."

ராமசுப்ரமணியன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். மேர்சி இருவருக்கும் முன்னால் தரையில் அமர்ந்து அடுத்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தார்.

"உள்ள ரொம்பக் குளிருமா, மேர்சி?" என்று கேட்டார் ராமசுப்ரமணியன்.

"குளிரும்," என்றார் மேர்சி. "தலையைக் குனிஞ்சு கொண்டு வாங்கோ." பக்கத்தைத் திருப்பினார்.