முதுகில் விழாத தட்டு

வாடகை மோட்டார் பைக் ஓட்டும் ஒக்காடாக்காரன் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினான். மழை வருவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு வருடம் கழித்து வருகிறேன். மாமரங்கள் அப்படியே இருந்தன. கட்சினா-அலா ஆற்றுப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கடைசிப் பரீட்சை அன்று காலையில்தான் முடிந்திருந்தது. வகுப்புத் தலைவன் டெர்குலா போன வாரம் போனில் கூப்பிட்டான். பிரியும் நாளுக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்றான். நான் அவர்களுக்கு இயற்பியல் எடுத்தவன்.

வருகிறேன் என்றேன். எனக்கும் அவர்களிடம் கேட்க ஒன்று இருந்தது.

அந்த நாளில் எல்லோரும் வெள்ளைச் சட்டையோடு வருவார்கள். ஒருவர் சட்டையில் மற்றவர் மார்க்கரால் பெயரெழுதுவார். எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் பள்ளியில் கூடுதலாக ஒரு விதி. எழுதி முடித்தவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழும்வரை திரும்பக் கூடாது. திரும்பினால் உறவு அறுந்துவிடும்.

என் மனைவி டோசேயும் இதே பள்ளியில் படித்தவள்தான். பிறகு இங்கேயே கணக்கு ஆசிரியை ஆனாள். விடுதிப் பொறுப்பும் அவளுக்குத்தான். யாரையும் அடிக்க மாட்டாள். விடைத்தாளில் தப்பை அடித்துக்கூட விடமாட்டாள். அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போடுவாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு விடுதிச் சாமான் அறையில் ஒருநாள் திருடன் பிடிபட்டான். பையன்கள் கட்டைகளோடு சூழ்ந்துகொண்டார்கள். டோசே நடுவில் புகுந்து அந்த ஆளின் மேல் கவிழ்ந்தாள். அவன் எழுந்து ஓடிவிட்டான். அவள் எழவில்லை. பின்மண்டையில் ஒரே ஒரு அடி.

எவன் கட்டை என்று யாரும் சொல்லவில்லை. கும்பலில் பட்டது என்றார்கள்.

இந்த வகுப்புதான்.

பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஆரஞ்சும் வறுத்த கடலையும். ஆளுக்கொரு பழைய கதை சொன்னார்கள். தேனீக்கூட்டம் பரீட்சை அறைக்குள் புகுந்தது, பீன்ஸில் கிடந்த வண்டைக் காட்டி சமையற்காரரிடம் இன்னொரு கரண்டி கேட்டது. சிரித்துச் சிரித்து ஒருத்தி பெஞ்சிலிருந்து விழுந்தாள்.

லூபெம் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்கு.

"என்னடா லூபெம், வீட்டுக்குப் போனா சோத்துக்கு ஏர் புடிக்கணும்னு இப்பவே அழுவுறியா?" என்றான் டெர்குலா.

செவூசே என்ற பெண் தலையைத் தூக்காமல் சொன்னாள். "எல்லாத்தையும் சொன்னீங்க. டோசே மிஸ்ஸப் பத்தி ஒருத்தரும் பேசல."

கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். போலீஸுக்குப் போக மாட்டேன், பெயர் மட்டும் போதும் என்றேன். எல்லோரும் கடலைத் தோலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டெர்குலா, கும்பலில் பட்டது சார் என்றான். அதே சொல். பிறகு மார்க்கர்களை எடுத்து எல்லோர் கையிலும் திணித்தான்.

மழை இறங்கியது. தகரக் கூரைச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. மின்சாரம் போனது. பட்டப்பகலில் அறை இருண்டது. அந்த மங்கலில் வெள்ளை முதுகுகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மை வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை.

சாக்பீஸ் தூளும் உடம்பில் பூசும் ஷியா வெண்ணெயும்.

டோசேயின் கழுத்தில் இருக்கும் வாசனை.

லூபெம் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். "யாருடா அது, இப்படி அழுத்தி எழுதுறீங்க?" என்றான். குரலில் இன்னும் விளையாட்டு இருந்தது. "வலிக்குதுடா."

அவன் பின்னால் யாருமில்லை.

துணி கிழியும் சத்தம் மழையை மீறிக் கேட்டது. சட்டைக்குள்ளிருந்து சிவப்பு ஊறி வந்தது. மெல்ல வளைந்தது. திறமையான கை போடும் வட்டம். சதை திறந்துகொண்டே போனது. அவன் திரும்பவில்லை. தட்டு விழவில்லையே.

"மிஸ்," என்றான். அப்புறம் என்னிடம், "சார், முடிக்கச் சொல்லுங்க சார்."

வட்டம் மூடியது. அவன் மண்டியிட்டான்.

"இவன்தான்," என்றான் டெர்குலா. "இவன்தான் சார். நமக்கு ஒண்ணும் இல்ல. இவன் ஒருத்தன்தான்."

அவன் குரலில் இருந்தது நிம்மதி. அது எல்லோருக்கும் பரவியது. பெஞ்சுக் கால்கள் முறிந்தன. அழுதவர்களும் கட்டை எடுத்தார்கள். முதல் அடி லூபெமின் தோளில் இறங்கியது. அடுத்தது விலாவில்; எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கை தூக்கித் தடுக்கவில்லை. பற்களோடு ரத்தம் துப்பினான். என்னைப் பார்த்தான்.

நடுவே போக நாலு எட்டுதான்.

நான் போகவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்டது இதைத்தான் என்று தோன்றியது.

டெர்குலா கட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினான். ஓங்கியபடியே நின்றான். அவன் முதுகில் சிவப்பு வளையத் தொடங்கியிருந்தது.

பிறகு பக்கத்துப் பையன்.

பிறகு அவனுக்குப் பின்னால் இருந்தவன்.

கட்டை பிடித்த ஒவ்வொரு முதுகிலும் துணி கிழிந்தது. எழுதிய பெயர்களெல்லாம் ரத்தத்தில் கரைந்தன. கட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கையில் எதுவும் எடுக்காத செவூசே மட்டும் ஓடிப்போய் லூபெமின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். அவள் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

லூபெம் பிழைத்துக்கொண்டான். மருத்துவமனையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கூரைத் தகரம் விழுந்தது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றப் போனேன். கதவைச் சாத்தியிருந்தேன். கண்ணாடி எதிரே இல்லை. ஷியா வெண்ணெய் வாசனை வந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு முனை பட்டது. ஊசி போல் கூர்மை. அது அவசரப்படவில்லை. கீழே இறங்கி வளையத் தொடங்கியது.

நான் கட்டை எடுக்கவில்லை, டோசே என்றேன்.

முனை நிற்கவில்லை.

இடுப்புவரை சூடாக வழிகிறது. வட்டம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால், கடைசித் தாளைத் திருத்தும்போது அவள் விடும் அந்தப் பெருமூச்சு.

திரும்பினால் அவளைப் பார்க்கலாம். திரும்பினால் உறவு அறுந்துவிடும்.

தட்டுக்காக நின்றுகொண்டிருக்கிறேன்.