வரட்டுமா?

படகு நின்றதும் வெயில் கண்ணில் குத்தியது. மரப் படகுத்துறையில் வெள்ளைச் சீருடையோடு நின்ற வரவேற்புப் பெண், குளிர்ந்த கைத்துண்டுகளைத் தட்டில் வைத்து நீட்டினாள். பட்டாணியின் அப்பா முகம், கழுத்து, காதுமடல் என்று ஒன்றுவிடாமல் துடைத்து, துண்டைச் சாம்பல் நிறமாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"கை துடைக்கக் குடுத்தா குளிச்சே முடிச்சுட்டீங்க," என்றாள் அம்மா.

"வருஷம் பூரா அடுத்தவங்க வாயையே பாத்துட்டு இருக்கேன். இங்கயாவது என் மூஞ்சியக் கவனிக்கிறேன்."

அவர் பல் மருத்துவர். கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல் லீவு எடுத்ததில்லை. அம்மா பிடித்த பிடியில்தான் இந்தத் தீவுக்குக் கிளம்பினார்கள். ஒரே மகளான பட்டாணி, மேல்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

"அப்பா எடுத்துடட்டுமா?"

"நீ ஒண்ணும் எடுக்க வேணாம். அதுவா விழும்."

அவர்களுக்குக் கொடுத்த வில்லா கடலுக்கு மேல் மரக்கால்களில் நின்றது. பின்பக்கம் திறந்தவெளிக் குளியலறை. அதன் மூங்கில் தட்டிக்கு அப்பால், தண்ணீருக்குள் இறங்கும் ஏணி. உள்ளே பட்டுத் தலையணைகள், எலுமிச்சைப்புல் வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சதுரக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியே பச்சைத் தண்ணீரும், அதில் அசையாமல் நிற்கும் சின்ன மீன்களும் தெரிந்தன. கண்ணாடி அருகே குனிந்தால் மட்டும் எலுமிச்சைப்புல் மறைந்து, மூடிவைத்த கிணற்றின் வாசனை வந்தது.

வரவேற்புப் பெண் ஏசி, அலமாரி, ஏணி எல்லாவற்றையும் காட்டிவிட்டு, வாசலில் கைகூப்பினாள்.

"சரி மேடம், நான் போறேன்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லாதம்மா. வரேன்னு சொல்லு."

அந்தப் பெண் தரைக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள்.

"இங்க நாங்க போறதுன்னா போறேன்னே சொல்லிடுவோம் மேடம்."

அவள் போனபிறகு அப்பா கட்டிலில் சாய்ந்தார். "நல்ல பழக்கம்தான். நீ வரேன்னு சொல்லிட்டு வாசல்லயே நின்னு இன்னொரு கதைய ஆரம்பிப்ப."

அன்று முழுக்க அதுவே கேட்டது. சாப்பாடு கொண்டுவந்தவர், வண்டியில் ஏற்றிச்சென்றவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர், எல்லாரும் "போறேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டே நகர்ந்தார்கள். பட்டாணிக்கு அது விளையாட்டாகிவிட்டது. கண்ணாடி மேல் குப்புறப் படுத்து, "மீனே மீனே, நான் போறேன்," என்றாள்.

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "வாயிலயே போடுவேன். நம்ம வீட்ல யாரும் போறேன்னு சொல்லக் கூடாது. புரியுதா?"

கீழே மீன்கள் சட்டென்று விலகின. ஏதோ ஒன்று நெருங்கி வந்து காது கொடுத்ததைப் போல.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அப்பா தூங்கினார். அம்மா திறந்தவெளிக் குளியலறையில் நீச்சலுடைகளின் மணலை அலசிக்கொண்டிருந்தாள். "மீன் பாத்துட்டு வரேம்மா," என்று பட்டாணி உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு குரல் இல்லை, இரண்டு. பக்கத்து வில்லாக் குழந்தை வந்திருக்கும் என்று அம்மா நினைத்தாள். மகளுக்கு ஒரு துணை கிடைத்ததில் சந்தோஷம்கூட.

பிறகு மூங்கில் தட்டிக்கு அப்பால் இருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"ஆன்ட்டி, நான் வரட்டுமா?"

நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை, சொல்லிக்கொண்டு கிளம்புகிறது. அம்மா பிழிந்துகொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"சரிடா கண்ணு, வா."

ஏணி கிறீச்சிட்டது.

அந்தச் சத்தம் விலகிப் போகவில்லை. கீழேயிருந்து மேலே ஏறியது.

அம்மா தட்டியைத் தாண்டி எட்டிப்பார்த்தாள். யாரும் இல்லை. ஏணியின் படிகள் மட்டும் நனைந்திருந்தன. வில்லாவுக்கு அடியில் எங்கோ, ஒரு துணி தண்ணீரில் விழுந்ததைப் போலச் சின்னச் சத்தம் கேட்டது. அதோடு கடல் அடங்கிவிட்டது. அலை இல்லை. காற்று இல்லை.

உள்ளே ஓடினாள். பட்டாணி கண்ணாடி மேல் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது.

"தனியா தண்ணில இறங்கினியா?"

பட்டாணி திரும்பினாள். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

"இல்லம்மா. நீங்க குளிக்க விடலயே."

நீங்க.

பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ' என்று கூப்பிடும் பிள்ளை அது.

அம்மாவின் பார்வை கண்ணாடிக்கு இறங்கியது. அதில் இரண்டு சின்னக் கைத்தடங்கள் இருந்தன. துடைக்கக் குனிந்தாள். தேய்த்தும் போகவில்லை.

அவை கண்ணாடியின் அடிப்பக்கம் இருந்தன.

சத்தத்தில் எழுந்த அப்பா சிரித்தார். "இங்க எல்லாரும் மேடம், சார்னு பேசறத கேட்டு மரியாதை கத்துக்கிட்டா. அதுக்கும் குறை சொல்லுவியா?" ஆனால் சாயங்காலம், வழக்கம்போல விளையாட்டாக மகளின் வாயைத் திறந்து பார்த்தவர் விரலால் முன்பல்லை அசைத்துப் பார்த்தார். மறுபடியும் அசைத்துப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஆடவே இல்ல," என்றார், தொழில்முறைக் குரலில். "வேர் விட்ட மாதிரி நிக்குது."

ஆடின பல் அப்படி நிற்குமா என்று அம்மா கேட்டாள். அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அம்மா வரவேற்பறைக்குப் போன் செய்தாள். பக்கத்து வில்லாவில் யாரும் இல்லையாம். அந்த வரிசையிலேயே குழந்தையோடு வந்தவர்கள் இவர்கள் மட்டும்தானாம்.

அதன்பிறகு அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. குப்புறப் படுத்து, "பட்டாணி, பட்டாணி," என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பட்டாணி, "என்னம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கீழே மீன்கள் வந்தன, போயின.

கிளம்புகிற அன்று படகுத்துறையில் அதே வரவேற்புப் பெண் நின்றிருந்தாள். அப்பா பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"யாராவது வரட்டுமான்னு கேட்டாங்களா மேடம்?" உதடு அசையாமல் கேட்டாள்.

"கேட்டுச்சு."

"நீங்க..."

"வான்னு சொல்லிட்டேன்." அந்தப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"போறேன்னு தெளிவா சொல்லிட்டு ஏறுங்க மேடம். இல்லன்னா கூடவே வரும்."

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். அதற்குள் இருப்பது தன் மகள் என்றால், அவளிடம் எந்த வாயால் போறேன் என்று சொல்வது?

"போயிட்டு வரேன்டா," என்றாள் தண்ணீரிடம்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பட்டாணி நன்றாகச் சாப்பிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டாள். வீட்டுப்பாடத்தைத் தானே முடித்தாள். தலையணை மட்டும் காலையில் ஈரமாக இருந்தது. அப்பா மகளை வாயைத் திறக்கச் சொல்வதையே விட்டுவிட்டார்.

அம்மா வீட்டில் தண்ணீர் இருக்கும் இடங்களிலெல்லாம் உற்றுக் கேட்கத் தொடங்கினாள். குழாய், வாளி, பாத்திரம் கழுவும் தொட்டி. காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு காலை. அப்பா கிளினிக்குக் கிளம்பியிருந்தார். பட்டாணி பள்ளிச் சீருடையில் மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். குளியலறையில் வாளி நிரம்பி, குழாயை மூடியாகிவிட்டது.

"அம்மா."

குரல் வாளியிலிருந்து வந்தது.

அம்மா முழங்காலிட்டாள். தண்ணீர் அசையவில்லை. கிணற்று வாசனை அடித்தது.

"யாரு?" கிசுகிசுத்தாள்.

"நான்தாம்மா. நீ கூப்பிட்டது கேட்டுச்சு." சொற்களுக்கு நடுவே காற்று ஒழுகியது. "பல்லு விழுந்துடுச்சும்மா. அதுவாவே விழுந்துச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வரட்டுமா?"

அன்றைக்கு யோசிக்காமல் சொன்ன சொல். இன்றைக்கு அதன் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டே சொன்னாள்.

"வா. வாடா கண்ணு. வந்துடு."

தண்ணீர் வழிந்தது. இரண்டு சின்னக் கைகள் வாளியின் விளிம்பைப் பிடித்தன.

அள்ளித் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குளிரில் வெடவெடத்த பிள்ளை, முன்பல் இல்லாத வாயால் அவள் கழுத்தில் அழுதது. "ஏம்மா நீ இவ்ளோ லேட்டு?"

நீ.

மகளைத் தூக்கிக்கொண்டே அம்மா கூடத்துக்கு வந்தாள். மேசையில் அது இன்னும் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது.

"போயிடு," என்றாள் அம்மா. "போறேன்னு சொல்லிட்டுப் போயிடு."

அது வாயைத் துடைத்துக்கொண்டது.

"நம்ம வீட்ல யாரும் போறேன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை மகளுக்காக இழுத்துப் போட்டது.